நடுவில் கோடு இல்லாத மாத்திரை

அன்புள்ள என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த வார்த்தை இப்போது என் கைக்கு வரவில்லை. அது இல்லாமலே தொடங்குகிறேன். அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே மூக்கை உறிஞ்சுவாய், நானும் மனசு இளகி "சரி, விடுலே" என்று சொல்லிவிடுவேன். பக்கத்தில் உன் அப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். இதை நீ முழுதாகப் படிக்க வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை பேச உனக்கு இடம் கிடையாது.

உன் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. நீயும் எஸ்தரும் சென்னைக்குப் போன நாளிலிருந்து தினமும் போன் பண்ணுகிறாய். எடுத்தவுடன் கேட்பது ஒரே கேள்வி. "அம்மா, சத்தம் நல்லாக் கேக்குதா?" நான்கு நாளாக நான் அதற்குப் பதில் சொல்லாமல், சாப்பிட்டாயா, மழை உண்டா என்று பேச்சை மாற்றுகிறேன். நேற்று நீயே பொறுக்கமாட்டாமல், "என்னம்மா, கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கியே" என்றாய். சொல்கிறேன். நான்கு நாளைக்கு முன்பு உன் கல்யாணக் கோட்டைச் சலவைக்குப் போட எடுத்தேன். உள்பையில் அழைப்பிதழ் உறையைக் கிழித்து மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். பதினான்கு மாத்திரைகள். என் மாத்திரைகள். பாதியாக உடைப்பதற்கு நடுவில் கோடு போட்டிருக்குமே, அந்த மாத்திரைகள்.

உடனே போய் என் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அந்தப் பழைய டப்பாவை யாரும் தொடவில்லை. பதினான்கு அறையில் கடைசி மூன்றில் மட்டும் மாத்திரை மிச்சம் கிடந்தது. அதே நிறம், அதே அளவு, மேலே கோடு மட்டும் இல்லை. வேறு ஏதோ மாத்திரை. பேண்டேஜ் துணியில் ஒரு இழை விட்டுப்போயிருந்தால் பார்க்காமல் விரலாலேயே கண்டுபிடித்து ஒதுக்கி வைக்கிறவள் என்று கம்பெனியில் எனக்குப் பேர். இருபத்திரண்டு வருஷம் ராஜபாளையத்தில் அந்தத் துணியைச் சுருட்டிய விரல் இது. அந்த விரலுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. கல்யாணத்தையொட்டிய அந்தப் பதினொரு நாளும் மாத்திரையை என் விரல் தொடவே இல்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் நீயே எடுத்து வந்தாய். "கல்யாண வேலையில மறந்துருவே, வாயத் தொற" என்று நீயே நாக்கில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாய். பெத்த பிள்ளை ஊட்டிவிடுகிறான் என்று உன் சித்தியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். என்ன போட்டாய் என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்வது எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், நீ தெரியாதவன் மாதிரி நடந்துகொண்டதால். எனக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. உனக்குப் பத்து வயதாகும்போது மதுரையில் நெஞ்சைத் திறந்து, அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அது மூடும்போதெல்லாம் டிக் என்று சத்தம் வரும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என் நெஞ்சில் காதை வைப்பாய். நூறு வரை எண்ணிவிட்டுத்தான் பால் குடிப்பாய். அந்த உலோகத்தின் மேல் ரத்தம் கட்டிக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், மூளைக்கும் போய் அடைக்கும். கூடினால் உள்ளேயே எங்காவது கசியும். ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை, எனக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். மாதாமாதம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரத்தம் கொடுத்து, எண்ணை வாங்கி, என் நோட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டி வந்தேன். பதினேழு வருஷம். உனக்கு மார்க் ஷீட் எப்படியோ அப்படி எனக்கு அந்த நோட்டு.

நான் தப்பே செய்யாதவள் என்று சொல்ல வரவில்லை. ஆரம்பத்தில் ஒரு வருஷம், லெந்து என்கிற நாற்பது நாள் நோன்பில் கவுச்சியை விட்டேன். விட்டதோடு நிற்காமல், உடம்புக்கு நல்லது என்று நாற்பது நாளும் முருங்கைக்கீரையாகத் தின்றேன். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. எண் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. "ஆண்டவருக்காகத்தான் சார் இருந்தேன்" என்றேன். "இருங்க, வேண்டாங்கல. ஆனா கீரையை எப்பவும் ஒரே அளவாச் சாப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் நம் வீட்டில் கீரை. ஏன் என்று நீ கேட்டதே இல்லை. இன்னொரு வருஷம் முழங்கால் வலி தாங்காமல், கூட வேலை பார்த்தவள் கொடுத்த வலி மாத்திரையை ஒரு வாரம் போட்டேன். இந்த மாத்திரையோடு அது சேரக்கூடாது. உள்ளே ரத்தம் கசிந்து வெளிக்குக் கறுப்பாகப் போனது. உனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறதே என்று மூன்று நாள் மறைத்தேன். குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தேன். இதெல்லாம் என் முட்டாள்தனம். என் உடம்பை வைத்து நான் செய்த முட்டாள்தனம். அதற்காக உன் அப்பாவிடம் வாங்கின திட்டும் என்னுடையதுதான். நீ செய்தது அந்தக் கணக்கில் வராது.

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான்கு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாத்திரையால் ரத்தம் லேசாக இருப்பதால் கை எங்கே இடித்தாலும் எனக்குத் தோல் கன்றிப்போகும். பஸ் கம்பியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் போதும், மறுநாள் முழங்கை வரை நீலம் பாய்ந்துவிடும். நாம் முந்தி குடியிருந்த தெருவில், எதிர்வீட்டுக்காரி உன் அப்பாவைத் தெருவில் நிறுத்தி வைத்து, "பொம்பளயப் போட்டு இப்படி அடிக்கியளே, நீங்க கோயிலுக்குப் போறதுல என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டாள். நான் ஓடிப்போய் விளக்கம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அடி வாங்குகிற எல்லாப் பெண்களும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்களாம். அதற்கப்புறம் உன் அப்பா வெளியே என் கையைப் பிடித்ததே கிடையாது. ரோடு கடக்கும்போது என் கையிலிருக்கும் கூடையின் காதைப் பிடித்துக்கொண்டு வருவார். தறி மெக்கானிக், இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன், என்னைத் தொடப் பயந்து பயந்து வாழ்ந்திருக்கிறார். நீ அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன்.

அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. அந்த வெயிலில் நான் நீளக்கை ரவிக்கை போட்டுக்கொண்டுதான் போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது கையை ஏற்றிவிட்டேன். எஸ்தரின் பெரியம்மா பார்த்துவிட்டார்கள். "என்ன மதினி, கையெல்லாம் இப்படிக் கன்னிப்போயிக் கெடக்கு?" என்று கேட்டார்கள். "கதவுல இடிச்சிட்டேன்" என்றேன். "ரெண்டு கையுமா?" என்றார்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் எஸ்தரின் அப்பா உன்னைத் தனியாகக் கூட்டிப்போய், "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள, ஒங்கப்பா கொஞ்சம் கோவக்காரரோ? அவியளப் பத்தி ஒண்ணு காதுல விழுந்துச்சு" என்று விசாரித்தாராம், எஸ்தர் பிறகு சொன்னாள். காரில் வரும்போது உன் முகத்தைப் பார்த்தேன். பின்சீட்டில் உன் அப்பா ஒன்றும் தெரியாமல், விருந்தில் போட்ட பால்கோவா நல்ல ருசி என்று பேசிக்கொண்டு வந்தார். கல்யாணத்தன்று ஆல்பத்துக்கும் வீடியோவுக்கும் நடுவில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னால், இந்தக் கை வெளியே தெரியக்கூடாது, அப்பாவை யாரும் அப்படிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாய். இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தினால் கை தெளிந்துவிடும், அப்புறம் பழையபடி கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கை தெளிந்துதான் இருந்தது. ஆல்பத்தில் பார்த்தேன். என் கை அவ்வளவு அழகாக இருந்து பல வருஷமாகிறது. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஏலே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்து போயிருக்குமே! எங்கம்மாவுக்கு நெஞ்சில் உலோக வால்வு இருக்கிறது, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாள், அதனால் கை கன்றுகிறது, எங்கப்பா பச்சைத் தண்ணீர் மாதிரி மனுஷன் என்று எஸ்தரின் அப்பாவிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு என் கையே நின்றுவிட்டது. அந்த வாயைக் கட்டியவள் நான். பெண் பார்க்கப் போவதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து, வேதப்புத்தகத்தின் மேல் உன் கையை வைக்கச் சொன்னேன். "தாலி ஏறுத வரைக்கும் என் ஆபரேஷனப் பத்தி யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று சத்தியம் வாங்கினேன். நெஞ்சில் நோய் இருக்கிற குடும்பம் என்று முன்னால் ஒரு வரன் தட்டிப்போனது எனக்கு மறக்கவில்லை. உன் அப்பா அன்றே, "இது நல்லதுக்கில்ல, சொல்லிருவோம்" என்றார். நான்தான் அவரை அடக்கினேன். அவர் பேரைக் கெடுத்துத்தான் உன் கல்யாணத்தை நடத்தியிருக்கிறேன், அது அவருக்கே தெரியாது. இந்தப் பழியில் பாதி என் தலையில். அதை எழுதும் இந்த இடத்துக்கு வரத்தான் எனக்கு நான்கு நாள் ஆனது.

ஆனால் மீதிப் பாதியை நீ தூக்கித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மொட்டைமாடிப் படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. படுத்துப் பார்த்தேன். சத்தம் எப்போதும்போல டிக் என்று வரவில்லை. தலையணைக்கு அடியில் இருந்து வருவதுபோல மந்தமாக இருந்தது. உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏய்யா, சத்தம் கொறஞ்சாப்ல இருக்கே, செத்த நேரம் காத வச்சுப் பாரேன்" என்றேன். நீ காதை வைக்கவில்லை. "வீடு முழுக்க ஆளு இரைச்சல்ம்மா, பொறவு பாப்போம்" என்று நகர்ந்துவிட்டாய். மாத்திரை மாறியது உனக்குத் தெரியும். சத்தம் குறைந்தால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். அந்த நிமிஷம் நீ வாயைத் திறந்திருந்தால், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதானே? மாத்திரையை மாற்றியதைக்கூட ஒரு நாள் மன்னிப்பேன். காதை வைக்காமல் போனாயே, அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மறுவீட்டு விருந்தில், இலை முன்னால் உட்கார்ந்தவளுக்கு மூச்சே விட முடியவில்லை. நீதான் மதுரை ஆஸ்பத்திரி வரை காரை ஓட்டினாய். வால்வில் ரத்தம் கட்டி அது சரியாக அசையவில்லை என்றார்கள். எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. "மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். போட்டேன் என்றேன். "பொய் சொல்லாதீங்கம்மா, எண்ணே சொல்லுதே" என்றார். நீ என் கால்மாட்டில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் நீ சொல்லவில்லை.

கட்டியைக் கரைக்க ஊசி போட வேண்டும், போட்டால் தலையில் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு, கையெழுத்து வேண்டும் என்றார்கள். உன் அப்பாவிடம் தாளை நீட்டினார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்தார். "கட்டி அப்படியே இருந்தா ஆபத்து. ஊசி போட்டா அதுவும் ஆபத்துங்காங்க. போடச் சொல்லட்டா?" என்று கேட்டார். மூச்சு வாங்க வாங்கத் தலையாட்டினேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கேட்டார் பார்த்தாயா? படித்தவன் நீ, கேட்கவில்லை. அந்த மனுஷனின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று புறப்பட்டாயே, அவரிடமிருந்து இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளாமல் போய்விட்டாயே.

இதோடு முடிந்ததா? முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பும் முன் நான் டாக்டரிடம், ஒரு வேளைகூட விடவில்லை என்று சத்தியம் பண்ணினேன். பாவம், அவர் கடைசியில் என்னை நம்பிவிட்டார். நம்பினதால், "அப்ப பழைய அளவு உங்களுக்குப் பத்தலை" என்று மாத்திரையைக் கூட்டினார். நீ அதையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நீ சென்னைக்குப் போன பிறகு, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்து நிற்கவே இல்லை. பரிசோதித்தால் எண் ஐந்தைத் தாண்டி நிற்கிறது. அதற்கும் காரணம் புரியாமல் திரிந்தேன். கோட்டுப் பையைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். முன்னால் மாத்திரை மாறிப்போயிருந்தது என்று மட்டும் சொன்னேன், யார் மாற்றினார்கள் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் நிறுத்தச் சொல்லி, பழைய அளவுக்கே திரும்பச் சொன்னார்கள். இனி வாராவாரம் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் கட்டவும் விட்டாய், மறுபக்கம் கசியவும் விட்டாய். இரண்டுக்கும் நீ செய்ய வேண்டியிருந்தது வாயைத் திறப்பது ஒன்றுதான்.

எஸ்தர் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல அத்தை, நாங்க என்ன வேண்டாம்னா சொல்லிருப்போம்?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், அது என் வேலை. அவள் அப்பாவிடமும், அவர்கள் சந்தேகப்பட்டது தவறு, மறைத்தது நான் என்று நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். அதுவும் என் வேலை.

உன் வேலை வேறு. உன் அப்பா இப்போது தினமும் சாயங்காலம் என் முன்னால் உட்கார்ந்து மாத்திரையை எண்ணுகிறார். போட்ட பிறகு, "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்கிறார். நான் மறந்துவிட்டு மறைக்கிறேன் என்று நினைக்கிறார். பதினேழு வருஷம் ஒரு வேளை மறக்காதவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். அந்தப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் என் பேர் திரும்பிவிடும். கொடுக்க மாட்டேன். அது நான் சொல்ல வேண்டியது இல்லை. என்னைச் சென்னைக்கு வரச் சொல்கிறாய், கூட வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். வர மாட்டேன். நீ இங்கே வா. போனில் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் வந்து, அவர் மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது எதிரே உட்கார்ந்து, என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் அழுவார். அடிக்க மாட்டார், அது உனக்கே தெரியும்.

சொல்லி முடித்த பிறகு, சத்தம் நல்லாக் கேட்கிறதா என்ற கேள்விக்கு நீயே காதை வைத்துப் பார்த்துக்கொள். நூறு வரை எண்ணு. அதுவரை போனில் அதைக் கேட்காதே. அன்றைக்கு மாத்திரையை நானே எடுப்பேன். நடுவில் கோடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நானே வாயில் போட்டுக்கொள்வேன். நீ தண்ணீர் மட்டும் கொடு.